பூட் பென்டிரைவ்ல மீதி இடத்துக்கு என்ன?

(ஒலிப்பதிவில் இருந்து சற்றே சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

போன எபிசோட்ல பூட் ஆகுற பென்டிரைவ் எப்படி ரெடி பண்றதுனு பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "பென்டிரைவ் 64 ஜிபி. நீங்க சொன்ன ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ 1 ஜிபி சொச்சம்தான். மீதி இடத்துல வேற என்ன டூல் எல்லாம் போட்டு வைக்கலாம்?"

நல்ல கேள்வி. ஆனா இதுக்கு நேரா ஒரு லிஸ்ட் கொடுத்தா, அது எனக்கு நடந்த மாதிரியே உங்களுக்கும் நடக்குறதுக்கு நானே வழி காட்டின மாதிரி ஆயிடும். அதனால முதல்ல அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

என் சித்தப்பா மதுரைப் பக்கம் ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். எங்க அப்பாயி உயிரோட இருந்தப்போ, அவங்க பாடின தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாத்தையும் தன் போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தார். அறுபது பாட்டுக்கு மேல. போன் மாத்தும்போது எல்லாத்தையும் பழைய லேப்டாப்புக்கு மாத்தினார். வேற எங்கயும் காப்பி இல்ல. அப்பாயி போய் ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நாள் போன் வந்துச்சு. "தம்பி, லேப்டாப் ஆன் ஆகுது, ஆனா சுத்திக்கிட்டே இருக்குடா. உள்ள போக மாட்டேங்குது."

நான் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன். சாவிக்கொத்துல பென்டிரைவ் இருக்கே! அதுல அப்போ இருபது முப்பது டூல் இருந்துச்சு. பாஸ்வேர்ட் மாத்துற டூல், வைரஸ் ஸ்கேனர் நாலு, ரெஜிஸ்ட்ரி சுத்தம் பண்றது, எதுக்குனே தெரியாத ரெண்டு மூணு. சர்வீஸ் கடைகள்ல ஹைரென்ஸ் பூட்சிடி பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்க. அந்தப் பழைய ஹைரென்ஸ் 2012ல 15.2 பதிப்போட நின்னுபோச்சு, இப்ப இருக்கிறது விண்டோஸ் பிஇ மேல புதுசா கட்டினது. ஆனா ஒரு தட்டு நிறைய டூல் இருந்தா நாம பெரிய ஆளுங்கிற அந்தப் புத்தி மட்டும் எங்களை விட்டுப் போகல.

போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் படிக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு. ஃபோல்டர் திறந்தா நிமிஷக்கணக்கா நிக்குது. எனக்குத் தோணினது ஒண்ணுதான்: ரிப்பேர் பண்ணணும். விண்டோஸ் ஐஎஸ்ஓல பூட் பண்ணி, கமாண்ட் பிராம்ப்ட்ல செக்டிஸ்க் ஓட விட்டேன். கெட்ட செக்டரை எல்லாம் தேடு, சரி பண்ணுனு முழு ஆப்ஷனோட. ராத்திரி பூரா ஓடட்டும்னு படுத்துட்டேன்.

காலையில பார்த்தா பாட்டு ஃபோல்டர் காணோம். அதுக்குப் பதிலா ஃபவுண்ட் டாட் 000னு ஒரு ஃபோல்டர், உள்ள பேரில்லாத சிஎச்கே ஃபைலுங்க. டிஸ்க் சில தடவை பயாஸ்லயே தெரியல.

என்ன நடந்துச்சுனு இப்ப புரியுது. செக்டிஸ்க்கோட வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்கு பண்றது. உள்ள இருக்கிற உங்க ஃபைலைக் காப்பாத்தறது அதோட வேலையே இல்ல. அட்டவணைக்கு ஒத்துவராத துண்டு இருந்தா வெட்டி ஓரமா வெச்சிடும். அதுக்காக டிஸ்க் மேல எழுதும். இது நல்ல டிஸ்க்ல, கரண்ட் போய் குழம்பின ஃபைல் சிஸ்டத்துக்கு அருமையான டூல். ஆனா டிஸ்க்கே செத்துட்டிருக்கும்போது, மூச்சு வாங்குற ஆளை எழுப்பி நடக்க வைக்கிற மாதிரி. அதை ஓட்டலைன்னா எல்லாப் பாட்டும் முழுசா வந்திருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி அந்த டிஸ்க்கை எட்டு மணி நேரம் ஓட வெச்சது நான்தான். அந்த எட்டு மணி நேரத்தை காப்பி எடுக்கறதுக்குச் செலவு பண்ணியிருக்கலாம்.

அதனால மீதி இடத்துக்கு என்னனு கேட்டா, என்னோட முதல் பதில்: ரிப்பேர் பண்ற டூலுக்கு முன்னாடி, டேட்டாவை வெளியே எடுக்கிற டூல். அதுல தலையானது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ.

இது என்ன பண்ணும்? டிஸ்க்கை ஃபைல் ஃபைலா பார்க்காது. மொத்த டிஸ்க்கையும் செக்டர் செக்டரா இன்னொரு இடத்துக்கு இமேஜா எடுக்கும். சாதாரண காப்பி, கெட்ட இடம் வந்தா அங்கேயே முட்டிக்கிட்டு நிக்கும். டிடிரெஸ்க்யூ அப்படி இல்ல. கெட்ட இடம் வந்தா தாண்டிப் போயிடும். முதல்ல சுலபமா படிக்க முடியறதை எல்லாம் அள்ளிடும், அப்புறம்தான் திரும்பி வந்து கெட்ட இடங்களோட ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கும். டிஸ்க் எப்ப வேணா சாகலாம், அதனால சாகுறதுக்கு முன்னாடி அதிகபட்சம் எடுத்துடணும்ங்கிற கணக்கு.

இதுல ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. கமாண்ட்ல மூணாவதா மேப்ஃபைலுக்கு ஒரு பேர் கொடுக்கணும். எந்த இடம் எடுத்தாச்சு, எது பாக்கினு அதுல எழுதி வெச்சுக்கும். நடுவுல டிஸ்க் சூடாகி மறைஞ்சு போச்சா, அணைச்சு ஆற வெச்சு, அதே கமாண்டை மறுபடி கொடுத்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். மேப்ஃபைல் இல்லாம ஓட்டிட்டு நடுவுல நின்னா, எது வந்துச்சு எது வரலைங்கிற கணக்கே இருக்காது. முதல் ஓட்டத்துக்கு மைனஸ் என் ஆப்ஷன் போட்டா அந்தச் சுரண்டுற வேலையைத் தள்ளி வைக்கும். நான் எப்பவும் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன். அதுக்கு முன்னாடி எல்எஸ்பிஎல்கே அடிச்சு, எது செத்துட்டிருக்கிற டிஸ்க், எது காப்பி போற டிஸ்க்னு சைஸை வெச்சு ரெண்டு தடவை சரி பாருங்க. இடம் மாறிப்போச்சுன்னா காலியான டிஸ்க்கை நல்ல டேட்டா மேல கொட்டிடுவீங்க. இதுக்கு அன்டூ கிடையாது.

காப்பியை எங்க வைக்கிறது? 500 ஜிபி டிஸ்க்கோட இமேஜ் உங்க 64 ஜிபி பென்டிரைவ்ல அடங்காது. அதனால பென்டிரைவோட சேர்த்து வெச்சிருக்க வேண்டிய கூடுதல் டூல், சாஃப்ட்வேரே இல்ல. ஒரு காலி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அது ஃபேட்32ல இருக்கக் கூடாது. ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, உங்க இமேஜ் அங்கேயே நின்னுடும். எக்ஸ்ஃபேட் இல்ல என்டிஎஃப்எஸ் வெச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு சீரான சத்தம் வருதா? அணைச்சிடுங்க. டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். அது மெக்கானிக்கல் பிரச்சினை, ஓட ஓட தட்டு கீறும். உள்ள இருக்கிறது உங்களுக்கு முக்கியம்னா, டேட்டா ரெகவரி லேபுக்குக் கொண்டு போங்க.

சரி, எப்படிச் சேர்க்கிறதுங்கிற விஷயத்துக்கு வருவோம். இங்கதான் நிறைய பேர் முட்டிக்கிறாங்க. ஐஎஸ்ஓவை எட்சர் மாதிரி ஒரு டூல் வெச்சு பென்டிரைவ்ல நேரடியா எழுதினா, பென்டிரைவ் ஒரு சிடி மாதிரி ஆயிடும். படிக்கலாம், எழுத முடியாது. "டூலை இழுத்துப் போட்டா போக மாட்டேங்குது"னு நீங்க சொன்னது இதனாலதான். ரூஃபஸ்ல ஐஎஸ்ஓ மோட்ல எழுதினா ஃபேட்32ல பிரிச்சுப் போடும், அதுல ஃபைல் சேர்க்க முடியும். ஆனா ஒரே ஒரு ஐஎஸ்ஓதான்.

நான் பயன்படுத்தறது வென்டாய். ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணணும், அப்போ பென்டிரைவ்ல இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். அதுக்கப்புறம் அது ரெண்டு பகுதியா இருக்கும். ஒண்ணு பெரிய எக்ஸ்ஃபேட் பகுதி. இன்னொண்ணு 32 எம்பி சின்னப் பகுதி, அதை நீங்க தொடவே வேண்டாம். பெரிய பகுதியில ஐஎஸ்ஓவை சாதாரண ஃபைல் மாதிரி காப்பி பண்ணா போதும். பூட் பண்ணும்போது மெனுவுல எல்லாம் வரிசையா வரும். புது பதிப்பு வந்தா பழைய ஐஎஸ்ஓவை டெலீட் பண்ணிட்டு புதுசைப் போடுங்க, அவ்வளவுதான். வென்டாயோட சோர்ஸ்ல சில பைனரி ஃபைல்கள் தயாரா வெச்சதா இருக்குனு சிலர் கேள்வி எழுப்பியிருக்காங்க, அது நியாயமான கேள்வி. வீட்டு வேலைக்கு நான் பயன்படுத்தறேன். ஆபீஸ் மெஷின்ல செருகறதுக்கு முன்னாடி உங்க ஐடி டீமைக் கேட்டுக்கோங்க.

இப்ப ஒரு பொறி இருக்கு, நானே மாட்டினது. ஐஎஸ்ஓ பக்கத்துலயே ஒரு ஃபோல்டர் போட்டு டூல், டிரைவர் எல்லாம் வெச்சிருந்தேன். வென்டாய் வழியா லினக்ஸ் பூட் ஆனதும் அந்த ஃபோல்டரைத் திறக்கப் போனா, பகுதி பிஸினு சொல்லுது. காரணம், பூட் ஆன லினக்ஸ் அந்தப் பகுதியில இருக்கிற ஐஎஸ்ஓ மேலதான் ஓடிக்கிட்டு இருக்கு. உட்கார்ந்த கிளையை வெட்டற கதை. வென்டாய் செட்டிங்ஸ்ல இதுக்கு வழி இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது இன்னொரு வழி: இன்ஸ்டால் பண்ணும்போதே கடைசியில கொஞ்சம் இடத்தை விட்டு வைக்கச் சொல்ற ஆப்ஷன் இருக்கு. 64ல ஒரு 16 ஜிபி விட்டு வெச்சு, அதை மூணாவது பகுதியா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணிக்கோங்க. அது தொல்லை இல்லாம திறக்கும். கூடுதல் டூல், டிரைவர், நோட்ஸ் எல்லாம் அங்க.

ஐஎஸ்ஓ எதெது? என்னோட பென்டிரைவ்ல இப்ப நாலுதான்.

முதல்ல சிஸ்டம்ரெஸ்க்யூ. ஆர்ச் லினக்ஸ் மேல கட்டினது. டிடிரெஸ்க்யூ, டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், ஜிபார்ட்டெட், ஸ்மார்ட் டூல் எல்லாம் உள்ளேயே இருக்கு. அதனால இதுகளைத் தனித்தனியா தேடித் தேடிச் சேர்க்கத் தேவையே இல்ல. பூட் ஆப்ஷன்ல காப்பிடுரேம் கொடுத்தா முழுசும் மெமரிக்குப் போயிடும், படிக்கிற வேகமும் கூடும். நான் முதல்ல அடிக்கிற கமாண்ட் ஸ்மார்ட்சிடிஎல். ஹார்ட் டிஸ்க்குன்னா 5, 197 ரெண்டு எண்ணையும் பார்ப்பேன். 5ங்கிறது ஏற்கனவே கெட்டுப்போய் மாத்து இடம் கொடுத்த செக்டர். 197ங்கிறது படிக்க முடியாம காத்திருக்கிற செக்டர். 197ல பூஜ்ஜியம் இல்லாம எண் ஏறிக்கிட்டே இருந்தா ரிப்பேர் பேச்சே கிடையாது, நேரா காப்பி. அன்னிக்கு மதுரையில இந்த ஒரு கமாண்டை அடிச்சிருந்தா செக்டிஸ்க் பக்கமே போயிருக்க மாட்டேன். அரை நிமிஷ வேலை.

சிஸ்டம்ரெஸ்க்யூல இல்லாத ஒண்ணு வேணும்னா? பூட் ஆனதும் நெட் இருந்தா பேக்மேன் வெச்சு இன்ஸ்டால் பண்ணலாம், ஆனா அது மெமரியிலதான் இருக்கும், அணைச்சா போச்சு. நிரந்தரமா வேணும்னா கௌபேக்மேன்2எஸ்ஆர்எம்னு ஒரு கமாண்ட் இருக்கு. நீங்க புதுசா சேர்த்ததை மட்டும் ஒரு மாட்யூல் ஃபைலா கட்டிக் கொடுக்கும். அதை ஐஎஸ்ஓக்குள்ள சேர்த்து புது ஐஎஸ்ஓ கட்டறதுக்கு சிஸ்ரெஸ்க்யூ-கஸ்டமைஸ்னு ஒரு ஸ்கிரிப்ட். சேர்க்க வேண்டியதை ஒரு ஃபோல்டர்ல வெச்சு ஓட்டினா முடிஞ்சுது. சிஸ்டம்ரெஸ்க்யூ புது பதிப்புக்கு மாறினா மாட்யூலையும் மறுபடி கட்டுங்க. லைப்ரரி பதிப்பு மாறி, டூல் ஓடாம முகத்தைத் திருப்பும்.

ரெண்டாவது விண்டோஸ் இன்ஸ்டாலர் ஐஎஸ்ஓ. பூட்லோடர் உடைஞ்சதைச் சரி பண்ண அதுவே நல்லது. இது கூட மூணாவது பகுதியில வெச்சே ஆகணும்னு நான் சொல்றது இன்டெல்லோட விஎம்டி டிரைவர். இன்டெல் 11ம் தலைமுறைக்கு அப்புறம் வந்த பல லேப்டாப்ல விண்டோஸ் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டியையே காட்டாது. டிஸ்க் செத்துப்போச்சுனு பயந்து புதுசு வாங்கினவங்க இருக்காங்க. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, டிரைவர்தான் இல்ல.

குளோன்ஸில்லா மூணாவது. நல்ல டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்க, அவ்வளவுதான். நாலாவது மெம்டெஸ்ட்86 பிளஸ். ரொம்ப நாளா இது பழைய பயாஸ்லதான் ஓடும். 2022ல வந்த 6ம் பதிப்புல இருந்து யூஇஎஃப்ஐ மெஷின்லயும் ஓடுது. காரணமே இல்லாம நீலத் திரை வந்தா முதல்ல ரேமைச் சந்தேகப்படுங்க.

வைரஸ் ஸ்கேனர், கிளீனர் எல்லாம் தூக்கிட்டேன். ஒரு தடவைகூட ஒரு குடும்பத்தோட ஃபோட்டோவை அது காப்பாத்தினதில்ல.

டெஸ்ட்டிஸ்க்கும் ஃபோட்டோரெக்கும் ஒரே ஆள் எழுதினது, ஒண்ணாத்தான் வரும், ஆனா வேலை வேற. டெஸ்ட்டிஸ்க் தொலைஞ்ச பார்ட்டிஷனைத் தேடிக் கொடுக்கும். ஃபோட்டோரெக் ஃபைல் சிஸ்டத்தையே மதிக்காது. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்துல ஒரு அடையாளம் இருக்கும்ல, அதைத் தேடித் தேடி எடுக்கும். பேரும் போச்சு, ஃபோல்டரும் போச்சு, உள்ளடக்கம் மட்டும் வரும். ரெண்டையும் டிடிரெஸ்க்யூ எடுத்த இமேஜ் மேலதான் ஓட்டணும், டிஸ்க் மேல இல்ல. எஸ்எஸ்டில டெலீட் ஆன ஃபைலுக்கு இதை நம்பி உட்காராதீங்க. டிரிம் ஓடிட்டா அந்த இடம் பெரும்பாலும் துடைச்சுப் போயிருக்கும்.

இப்ப, பென்டிரைவ்ல போடவே முடியாத ஒரு டூல். 48 இலக்க எண். பிட்லாக்கர் ரெகவரி கீ.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக்கோட ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையில நின்னுச்சு. ஏர்போர்ட், ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் தவிச்சது. தீர்வு என்ன தெரியுமா? ஒரு ஃபோல்டர்ல சி-00000291னு ஆரம்பிக்கிற ஃபைலை டெலீட் பண்ணணும். ஒரே ஒரு ஃபைல்! மைக்ரோசாஃப்ட்டே பூட் பென்டிரைவ் செய்ய ஒரு டூல் வெளியிட்டாங்க. ஆனா ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஒரு ஆள் நிக்கணும், டிஸ்க் பிட்லாக்கர்ல பூட்டியிருந்தா அந்த 48 இலக்கம் கையில வேணும். சாவி இல்லாதவங்க பென்டிரைவை வெச்சுக்கிட்டு சும்மா நின்னாங்க.

உங்க வீட்டு லேப்டாப்பும் பூட்டியிருக்கலாம், உங்களுக்கே தெரியாம. விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட செட்டப் பண்ணா பல மெஷின்ல டிவைஸ் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிடும், 2024ல வந்த 24எச்2 பதிப்புல இருந்து இன்னும் அதிகமான மெஷின்ல. கீ அந்த அக்கவுன்ட்ல சேமிச்சிருக்கும். இன்னிக்கே லாகின் பண்ணி அதைப் பேப்பர்ல எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்துல வைங்க. பென்டிரைவுக்குள்ள வைக்காதீங்க, பூட்டும் சாவியும் ஒரே பையில இருந்தா பூட்டு எதுக்கு? கீ இருந்தா லினக்ஸ்ல இருந்தே கிரிப்ட்செட்டப் வெச்சு திறக்கலாம். பயாஸ்ல செக்யூர் பூட்டை மாத்தினா, அடுத்த தடவை விண்டோஸ் இந்தக் கீயைக் கேட்கும் வாய்ப்பு அதிகம். அதனால கையில கீ இல்லாம அதைத் தொடாதீங்க.

பென்டிரைவைப் பத்தியும் ஒரு வார்த்தை. சாலையோரத்துல 1 டிபி பென்டிரைவ் முந்நூறு ரூபாய்க்குக் கிடைச்சா, உள்ள 1 டிபி இல்ல. அது பொய் சொல்ற சிப். எழுதும்போது ஏத்துக்கும், திருப்பிப் படிச்சா குப்பை. எஃப்3னு ஒரு டூல் இருக்கு, பென்டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படிச்சுப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிடும். புதுசு வாங்கினதும் ஓட்டுங்க. ஐஎஸ்ஓ டவுன்லோட் பண்ணா ஷா256 சரி பாருங்க. அப்புறம் உங்க வீட்ல இருக்கிற ஒவ்வொரு மெஷின்லயும் ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா வென்டாய் முதல் தடவை ஒரு நீலத் திரை காட்டி, கீயைப் பதிவு பண்ணச் சொல்லும். அதைப் பதற்றமான ராத்திரியில முதல் தடவையா பார்க்க வேண்டாம். எந்த மெஷினுக்கு எஃப்12, எதுக்கு எஃப்9னு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி பென்டிரைவ் மூடியில ஒட்டுங்க. எனக்கு அந்த ஸ்டிக்கர் ரொம்பப் பயன்பட்டிருக்கு.

சித்தப்பா கதை பாக்கி இருக்கு. அந்த டிஸ்க்கை சென்னைக்குக் கொண்டு வந்தேன். மின்விசிறிக்கு நேரா வெச்சு, டிடிரெஸ்க்யூவை மேப்ஃபைலோட மூணு நாள் ஓட்டினேன். பத்து பன்னெண்டு தடவை மறைஞ்சு திரும்ப வந்துச்சு. அந்த இமேஜ் மேல ஃபோட்டோரெக் ஓட்டினதுல 38 பாட்டு வந்துச்சு. பேரே இல்ல, எஃப்னு ஆரம்பிச்சு ஏதோ எண்ணுங்க. சித்தப்பாகிட்ட கொடுத்தேன். அவர் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டு, நோட்டுல எழுதினார். இது எந்த வயல்ல பாடினது, இது யார் செத்தப்போ பாடினது, இதுல பின்னாடி கேட்கிற குரல் யாருதுனு எல்லாம். ரெண்டு நாள் ஆச்சு. நடுநடுவுல எழுந்து வெளியே போய்ட்டு வந்தார்.

வராத பாட்டுகளோட பேரை நோட்டோட கடைசிப் பக்கத்துல தனியா எழுதி வெச்சிருக்கார். ஞாபகத்துல இருந்து. 23 பேர் இருக்கு அதுல. அதுல சிலது எங்க அத்தைக்குப் பாதி தெரியுமாம், அடுத்த மாசம் ஊருக்குப் போய் அத்தை பாடறதை ரெக்கார்ட் பண்ணப் போறோம். இந்தத் தடவை மூணு இடத்துல காப்பி.

அடுத்த எபிசோட் அந்தக் காப்பி விஷயம்தான். பேக்கப்பை எங்க வைக்கிறது, எத்தனை வைக்கிறதுனு பேசலாம். அதுவரைக்கும், அந்த 48 இலக்கத்தை எழுதி வெச்சிட்டீங்களா? வெச்சிட்டு வாங்க, பார்க்கலாம்.